மாமன் உட்கார்ந்த பந்தி

சும்மா உட்கார்ந்து சாப்பிட ஆவுடையப்பனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கூடப்பிறந்தவள் வீட்டு விசேஷத்தில் அண்ணன்காரன் பந்தியில் உட்கார்ந்தால், வாளியைத் தூக்கினால் தேய்ந்தா போவான் என்று ஊர் கேட்கும். கேட்பதற்கு இங்கே ஊர்க்காரர் ஒருவரும் இல்லை என்பது வேறு விஷயம். தென்காசி எங்கே, கனடாவின் மேற்குக் கரையில் ஸ்கீனா நதி கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தச் சிம்ஷியன் பழங்குடிக் கிராமம் எங்கே. வெளியே மழை விட்டபாடில்லை. பையன்கள் கூடைப்பந்து ஆடுகிற கூடத்தில் நீள மேஜைகளைப் போட்டுக் காகிதம் விரித்திருந்தார்கள். நனைந்த மேல்சட்டைகளின் வாடையும் சால்மன் சூப்பின் ஆவியும், சின்ன மீனை உருக்கி எடுத்த நெய்யின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. முதல் நாள் குமட்டிய வாடைதான். இன்றைக்கு என்னவோ பசியைக் கிளப்பியது. தங்கச்சி உலகம்மையின் புருஷன் வெஸ்லி காலையில் காரிலேயே வைத்துச் சொல்லிவிட்டான்: நீங்கள் விருந்தாளி, விருந்தாளி ஒரு வேலையும் செய்யக்கூடாது, தட்டைக்கூட நகர்த்தக்கூடாது, விருந்து வைக்கிற குலத்துக்காரர்கள்தான் பரிமாறுவார்கள். சரி சரி என்று ஆவுடையப்பன் தலையை ஆட்டினான். தலை ஆடியது கைக்குத் தெரியவில்லை. மேஜைக்கு அடியில் வலது கை தன்பாட்டுக்கு முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஜிம்பாப்வேயில் தான் வேலை பார்க்கிற மஸ்விங்கோவிலிருந்து புறப்படும்போது பெட்டியில் இரண்டு காரியங்களைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒன்று தங்கச்சி மகள் நாச்சிக்குத் தாய்மாமன் சீர், பட்டுப்பாவாடையும் தோடும். இன்னொன்று ஒரு கட்டுரை. ஜிம்பாப்வேயில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார், கனடாவுக்குப் போகிறார் என்றதும் ஒரு தொகுப்பாசிரியர் பிடித்துக்கொண்டார். அங்கே ஒரு சமூகம், இங்கே ஒரு சமூகம், இரண்டின் பொருளாதார சமூக நிலைமைகளையும் ஒப்பிட்டு எழுதிக் கொடுங்கள் என்று. அதற்கென்ன, எழுதிவிடலாம் என்று நினைத்தான். இடது பக்கம் சிம்ஷியன், வலது பக்கம் ஜிம்பாப்வே, நடுவில் ஒரு கோடு. இங்கே மீன் பதப்படுத்தும் ஆலை மூடிக் கிடக்கிறது, அங்கே நூற்பாலை மூடிக் கிடக்கிறது. இங்கே பிள்ளைகள் வேலை தேடி வான்கூவர் போகிறார்கள், அங்கே ஜோஹன்னஸ்பர்க். இங்கே பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் விடுதிப் பள்ளியில் அடைத்துப் பாஷையை மறக்கடித்தார்கள். அங்கேயும் பள்ளிக்கூடத்தில் சொந்தப் பாஷை பேசினால் அடி விழுந்த காலம் உண்டு. இங்கே கடல், அங்கே நிலம், இரண்டும் கைமாறிய கதை. இரண்டு பக்கமும் கோடு போட்டாற்போல் பொருந்தி வந்தது. வந்து இறங்கிய வாரத்திலேயே கட்டுரை முக்கால்வாசி முடிந்ததாக மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது அந்த நிம்மதியை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. எதிர் மேஜையில் ஒரு கிழவர் உலர்ந்த கடற்பாசியை வெற்றிலை போடுகிற சாவதானத்தோடு மென்றுகொண்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்குத்தான் வந்திருக்கிறார். எல்லோருமே அதற்குத்தான் வந்திருக்கிறார்கள். தின்பதும் பார்ப்பதும் இங்கே ஒரே வேலை.

இந்தப் பார்வை நாச்சிக்காக. ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த ஊரில் உட்கார இடம் இல்லை. வீடு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, அப்பா வெஸ்லி திமிங்கலக் குலத்தில் நல்ல பேர் எடுத்தவன். ஆனால் இங்கே குலம் அம்மா வழி. அம்மா கழுகு என்றால் பிள்ளை கழுகு, அம்மா காக்கை என்றால் பிள்ளை காக்கை, அம்மா உலகம்மை என்றால் பிள்ளை ஒன்றும் இல்லை. விருந்து நடக்கும்போது மற்றப் பிள்ளைகள் தங்கள் குலத்து மேஜைக்கு ஓடும். நாச்சி நடுவில் நின்று எந்தப் பக்கம் போவது என்று அப்பனைப் பார்க்கும். இதை உலகம்மை போனில் சொன்னபோது ஆவுடையப்பனுக்கு அது புதிதாக இல்லை, அவன் வீட்டிலும் அதே கதைதான், தலைகீழாக. அவன் மனைவி ருவிம்போ ஷோனா இனத்துப் பெண். அங்கே குலச்சின்னம் அப்பன் வழி. அப்பன் சிங்கம் என்றால் பிள்ளை சிங்கம், அப்பன் யானை என்றால் பிள்ளை யானை, அப்பன் ஆவுடையப்பன் என்றால் பிள்ளை திருதிரு. மகள் தடிவாவைப் பள்ளிக்கூடத்தில் உன் குலச்சின்னம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அது யோசித்துப் பார்த்துவிட்டு மயில் என்று சொல்லியிருக்கிறது. வகுப்பே சிரித்தது என்று வீட்டுக்கு வந்து அழுதது. அம்மாவைக் கேட்கிற ஊரில் அம்மா எங்கள் வீட்டுப் பெண். அப்பனைக் கேட்கிற ஊரில் அப்பன் எங்கள் வீட்டுப் பையன். என்ன பொருத்தம் பார், உலகத்தின் இரண்டு கோடியிலும் கேள்வி எங்கள் வீட்டு வாசலில் வந்துதான் நிற்கிறது, எங்களிடம் பதில் இல்லை. ஆனால் மாமன் என்ற ஆள் மட்டும் எங்கே போனாலும் இருக்கிறான். தடிவாவின் மாமன், ருவிம்போவின் அண்ணன், அவர் வந்தால் வீடே எழுந்து உட்காரும். இங்கேயோ கேட்கவே வேண்டாம், பிள்ளைக்குப் பேர் தருவது, தொழில் சொல்லிக்கொடுப்பது, தன் பதவியையே விட்டுப்போவது எல்லாம் அம்மாவின் தம்பியோ அண்ணனோதான், அப்பன் பாசத்துக்கு மட்டும். இதை முதலில் கேட்டபோது நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நம் சங்கதி கடல் தாண்டி எனக்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று. அப்புறம்தான் எட்னா அம்மாள் அடுத்ததைச் சொன்னாள்.

எட்னா கழுகுக் குலத்தில் ஒரு வீட்டுக்குத் தலைவி. உலகம்மை நர்ஸாக வேலை பார்க்கிற மருத்துவமனையில் எட்னா படுத்துக் கிடந்தபோது பழக்கம். உலகம்மையைத் தன் குலத்தில் மகளாக எடுத்துக்கொள்கிறேன் என்று அவளாகவே கேட்டாள். எடுத்துக்கொண்டால் நாச்சி கழுகு, மேஜையும் பேரும் தன்னால் வரும். அதற்குத்தான் இன்றைய விருந்து. எல்லாம் சரி. மகளாக எடுத்தால் எட்னாவின் தம்பி ஆல்பர்ட் உலகம்மைக்கு மாமன், நாச்சிக்கும் அவர்தான் பெரிய மாமன், அவர்தான் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்படியானால் நான் யார் என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை, முகம் கேட்டிருக்க வேண்டும். எட்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் அந்த அம்மாளின் பேச்சு அவன் காதில் எப்போதும் தென்காசிப் பேச்சாகவே வந்து விழுந்தது. "அண்ணன் தங்கச்சிய எதுக்கு பிரிக்கணும்? உன்னையும் சேத்து எடுத்துக்கிடுதோம். ரெண்டு பேரும் கழுகா இருங்க. நீயே மாமனா நில்லு." அன்று ராத்திரி அவன் வானத்தில்தான் நடந்தான். மஸ்விங்கோவுக்குப் போன் போட்டு, ருவி, எனக்கும் ஒரு குலம் வரப்போகிறது என்றான். மறுமுனையில் சிரிப்பு. "என்ன குலம், பாபா தடிவா?" பாபா தடிவா, தடிவாவின் அப்பா, என்றுதான் அவள் இவனைக் கூப்பிடுவாள். கழுகு என்றான். சிரிப்பு நின்றுவிட்டது. "என்ன கழுகு?" மீன் பிடிக்கிற கழுகு, வெள்ளைத் தலை, ஆற்றோரத்து மரத்தில் உட்கார்ந்திருக்கும் என்று இவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். ருவிம்போ மெதுவாகச் சொன்னாள், "நான் ஹுங்வே." ஹுங்வே என்றால் மீன்கழுகு. கல்யாணத்தன்று அவளுடைய அத்தைமார் அந்தப் பறவையின் பேரைச் சொல்லித்தான் அவளைப் போற்றினார்கள், இவனும் கூட நின்று கைதட்டியிருக்கிறான். ஒரே சின்னம் உள்ளவர்கள் அண்ணன் தங்கச்சி. அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சே வாயில் வரக்கூடாது. "இது அமெரிக்கக் கண்டத்துக் கழுகு ருவி, அது ஆப்பிரிக்கக் கழுகு, வேற வேற ஜாதிப் பறவை," என்று வாத்தியார் விளக்கினார். அவள் விளக்கத்தைக் காதிலேயே வாங்கவில்லை. "நீங்க அங்க கழுகானா, இங்க திரும்பி வரும்போது எனக்கு அண்ணனாத்தான் வருவீங்க," என்றாள்.

மறுநாள் எட்னாவிடம் கூச்சத்தோடு சொன்னான், சிரிக்கப்போகிறாள் என்று நினைத்து. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, அவள் கழுகு, ஆகவே நான் ஆக முடியாது. எட்னா சிரிக்கவே இல்லை. கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் வந்தது, போனில் இவன் பார்க்காமலே பார்த்த ருவிம்போவின் முகம். "அப்ப முடியாது," என்றாள். ஒரு கேள்வி இல்லை, என்ன கழுகு என்று விசாரணை இல்லை. "அவ நம்ம புள்ள. அவளக் கட்டினவன் எப்படி நம்ம வீட்டுப் பையனா இருக்க முடியும்?" ஆவுடையப்பனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஒருத்தி விழித்திருக்கிற நேரத்தில் இன்னொருத்தி தூங்குகிறாள். இருந்தும் ஒரே சட்டத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள், அதுவும் புஸ்தகம் இல்லாமல், போலீஸ் இல்லாமல். எவன் எழுதிக் கொடுத்தான்? எட்னாவோ அந்த நிமிஷத்திலிருந்து ருவிம்போவைப் பற்றிச் சொந்த மகளைப் போல விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு என்ன பிடிக்கும், குளிர் தாங்குவாளா, உலர்ந்த மீன் கொடுத்துவிட்டால் விமானத்தில் விடுவார்களா. ஜிம்பாப்வேயில் பொருளாதாரம் ஒரு தடவை செத்துப் பிழைத்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். காலையில் ரொட்டி வாங்கப் போதுமாயிருந்த நோட்டு சாயங்காலம் அடுப்பு மூட்டத்தான் ஆகும் என்ற காலம். கடை அலமாரி எல்லாம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அந்த நாட்களில் பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தது. இவர்கள் எதைப் போட்டு எடுப்பார்கள் என்று பயந்துகொண்டே போனான். போனால் வாசலில் சோளமாவும் விறகும் குவிந்திருந்தது. குழி வெட்டியது, பிணத்தைத் தூக்கியது எல்லாம் ரத்த சொந்தம் இல்லாத, தலைமுறை நட்பான ஒரு குடும்பம்; அழுகிறவர்களுக்கு நடுவில் செத்தவரைப் போலவே நடந்து காட்டிச் சிரிக்கவைத்தது அந்த வீட்டு ஆள்தான். அது அவன் உரிமை, யாரும் தடுக்கக் கூடாது. இங்கேயும் செத்தவர் குலத்தார் உடம்பைத் தொடுவதில்லையாம், அடுத்த குலத்தார்தான் எல்லாம் செய்வார்கள் என்று வெஸ்லி சொல்ல, ஆவுடையப்பன் கட்டுரைக்கு வரைந்த நடுக்கோடு அப்படியே கரைந்துபோயிற்று. துக்கத்தைத் தனியாகத் தூக்க முடியாது என்று இந்த இரண்டு கூட்டமும் எப்போது உட்கார்ந்து பேசி முடிவு செய்தன? இந்த ஊர்க்காரர்கள் விருந்து வைத்து வாரிக் கொடுப்பதையே குற்றம் என்று ஒரு காலத்தில் சர்க்கார் சட்டம் போட்டுத் தடுத்ததாம். கொடுத்துக் கொடுத்து ஏழையாகிறார்களே என்று கவலையாம். கவலைப்பட்டவன் எவனோ என்னைப் போல ஒரு பொருளாதார வாத்தியாராகத்தான் இருந்திருப்பான் என்று நினைத்தபோது ஆவுடையப்பனுக்குக் காது சூடாயிற்று. கூடத்தின் ஓரத்தில் போர்வையும் மாவு மூட்டையும் ஜாடியில் அடைத்த மீனும் மலையாகக் கிடந்தன. இதெல்லாம் இன்றைக்கே எட்னா வீட்டை விட்டு வெளியே போய்விடும். எவ்வளவு போகிறதோ அவ்வளவு பெரிய வீடு. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது, வரவிலா செலவிலா?

சூப்பு கடைசி மேஜைக்கு வரவில்லை. அதுதான் வினை. பரிமாறுகிற பெண்கள் இரண்டு பேரும் மறுகோடியில் மாட்டிக்கொண்டார்கள். கடைசி மேஜையில் ஒரு வயசாளி வெறும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆவுடையப்பனின் நாற்காலிக்குப் பின்னாலேயே ஆவி பறக்கப் பாத்திரம், அதில் கரண்டி. அவன் எழுந்ததை அவனே அறியான். விசேஷ வீட்டில் வெறும் இலையைப் பார்த்தால் எழுந்துவிடுகிற உடம்பு அது. ஒரு கையில் பாத்திரம், ஒரு கையில் கரண்டி, இரண்டு எட்டு வைத்தபிறகுதான் கூடம் அமைதியாகியிருப்பது காதில் விழுந்தது. கடற்பாசிக் கிழவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். உலகம்மை கூடத்தின் முன்பக்கத்தில் கழுகுப் பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தவள், "அண்ணே, வைச்சிரு, வைச்சிரு" என்று தமிழில் பதறினாள். ஆல்பர்ட் மெதுவாக நடந்து வந்தார். படகிலேயே கழிந்த ஆயுள், தரையிலும் கொஞ்சம் அசைந்து அசைந்துதான் நடப்பார். கோபம் இல்லை முகத்தில். பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னைக்குக் கரண்டி எடுக்கிறவன் கழுகு. இத்தன பேரு பாத்திட்டிருக்காங்க. பாத்திரத்தோட அந்த மேஜைக்குப் போயிட்டன்னா நீ எங்காளு, அப்புறம் நானே இல்லைன்னாலும் இல்லைன்னு ஆகாது. புள்ளைக்கு மாமன் நீதான், நான் ஒதுங்கிக்கிடுதேன், எனக்கு அதுல சந்தோஷந்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "உன் பொண்டாட்டிய யோசிச்சிக்கோ."

பாத்திரம் கனத்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு எட்டு இருக்குமா அந்த மேஜைக்கு. நடந்துவிட்டால் நாச்சி என் குலம், நான் அவள் குலம், அவள் கல்யாணத்துக்கு நான், அவள் பிள்ளைக்குப் பேர் வைக்க நான். ருவிம்போவுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? இந்தக் கூடத்தில் இருக்கிற ஒருத்தராவது மஸ்விங்கோவுக்குப் போவார்களா? சொல்லாவிட்டால் தெரியாது, தெரியாவிட்டால் இல்லை. இல்லையா? இத்தனை கண்ணும் பார்த்துவிட்டால் பார்த்ததுதான், இங்கே காகிதம் கிடையாது, சாப்பிட்டவர்கள்தான் பத்திரம். அவன் வீட்டுக்குத் திரும்புவான், ருவிம்போ வாசலில் வந்து நிற்பாள், பாபா தடிவா என்பாள், தங்கச்சி கூப்பிடுகிற மாதிரி காதில் விழும். அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே. அதோடு படுத்து எழுந்து சாப்பிட்டு எத்தனை வருஷம். பயமாக இருந்தது, நிஜமாகவே. நம்பிக்கை இல்லாத விஷயத்துக்கு மனுஷன் இப்படிப் பயப்படுவானா? அப்போது தெரிந்தது, அவன் நம்பிவிட்டான். எப்போது என்று தெரியவில்லை, எட்னா மீனைக் கீழே வைத்தாளே, அப்போதாக இருக்கலாம். மாமனாக நின்றால் புருஷன் இல்லை, புருஷனாக இருந்தால் மாமன் இல்லை. நாச்சி முன்னால் எட்னாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் பாத்திரத்தை ஆல்பர்ட்டின் கையில் கொடுத்தான். கரண்டியையும் கொடுத்தான். போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஆல்பர்ட் கடைசி மேஜைக்குப் போய் அந்த வயசாளியின் கிண்ணத்தை நிரப்பினார். கூடம் மறுபடியும் பேச ஆரம்பித்தது. இவன் கிண்ணத்திலிருந்த சூப்பு ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்தான். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை, யாரும் அதைத் தப்பாகப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

அப்புறம் மேளம். ஒற்றைத் தோல் மேளம், நெஞ்சுக்குள்ளேயே அடித்தாற்போல. கழுகுப் பெண்கள் உலகம்மையைச் சுற்றி நின்று, சிவப்பில் கழுகு தைத்து ஓரமெல்லாம் முத்துப் பொத்தான் வைத்த கறுப்புப் போர்வையை அவள் தோளில் போட்டார்கள். தென்காசியில் மழைக்குக் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடிய பிள்ளை, ராணி மாதிரி நின்றாள். ஆல்பர்ட் நாச்சியைத் தூக்கித் தன் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். பட்டுப்பாவாடை பளபளவென்று அவர் காதை மறைத்தது. அவர் அந்தப் பேரைச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. அது அந்த வீட்டுச் சொத்து, இரவல் தருவதில்லை. எட்னாவின் அம்மாவுக்கு அம்மா சுமந்த பேர், அவளுக்கு முன்னால் யார் யாரோ சுமந்த பேர், சட்டம் போட்டுத் தடுத்தபோதும் யாரோ அடுப்பங்கரையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிச் சொல்லிக் காப்பாற்றிய பேர். ஒவ்வொரு மேஜையாக விருந்தாளிகள் எழுந்து அதைத் திருப்பிச் சொன்னார்கள். திமிங்கலங்கள் சொன்னார்கள், வெஸ்லி குரல் உடைந்து சொன்னான், காக்கைகள் சொன்னார்கள், ஓநாய்கள் சொன்னார்கள். சொன்னவர்கள் சாட்சி, நாளைக்கு எவனாவது இந்தப் பிள்ளைக்கு ஏது இடம் என்று கேட்டால், எழுந்து நின்று நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியவர்கள். ஆவுடையப்பன் முறை வந்தது. எந்தக் குலமும் இல்லாத ஒற்றை ஆள், தனியாகத்தான் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. சொன்னால் அவன் வாயாலேயே மாமன் பதவியை எழுதிக் கொடுத்தமாதிரி. இந்த எழுத்தெல்லாம் தமிழில் உண்டா, நாக்கு புரளுமா, தப்பாகச் சொன்னால் குழந்தைக்குப் பழுதாகிவிடுமா? உள்ளங்கை இரண்டையும் குவித்து ருவிம்போ வீட்டில் பெரியவர்களுக்கு முன்னால் தட்டுகிற மாதிரி மெல்லத் தட்டினான், ஏன் என்று தெரியாமலே. பிறகு சொன்னான். முழுசாக வந்துவிட்டது. அவ்வளவு பேர் சொன்னபோதும் மேளத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாச்சி, தெரிந்த குரலில் அந்தத் தெரியாத பேரைக் கேட்டதும் சட்டென்று திரும்பியது. ஆல்பர்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி தமிழில் கத்தியது. "மாமா! அது நாந்தானா?" மேளம் நின்றது. எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

"ஆமாட்டி," என்றான் ஆவுடையப்பன். "நீதான். நான் பாத்தேன்."